ஊருக்கு ஒரு தகவல் மையம்: கடலூர், புதுவைக் கிராமங்களில் தொடங்கி நடத்த ஒரு வழிகாட்டி

எல்லார் கையிலும் போன் வந்த பிறகு ஊருக்குத் தகவல் மையம் எதற்கு என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பாகூர்ப் பக்கமோ குறிஞ்சிப்பாடிப் பக்கமோ ஒரு தெருவில் அரை நாள் உட்கார்ந்து பாருங்கள். ஒரு பாட்டிக்கு முதியோர் உதவித்தொகை மூன்று மாதமாக வரவில்லை, ஏன் என்று தெரியாது. அடுத்த வீட்டில் மகளுடைய வருமானச் சான்று விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்திருக்கிறது, காரணம் ஆங்கிலத்தில். எதிர்வீட்டுக்காரர் மல்லாட்டையை (வேர்க்கடலையை) கமிட்டிக்கு, அதாவது ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குக் கொண்டுபோனால் என்ன விலை போகும் என்று தெரியாமல், வாசலுக்கு வந்த வியாபாரி சொன்ன விலைக்கே கொடுத்துவிட்டார். மூன்று வீட்டிலும் போன் இருக்கிறது. மூன்று வீட்டிலும் காசு போயிருக்கிறது.

தகவல் இணையத்தில் கிடக்கிறது. அதைத் தேடி எடுத்து, இந்த ஊருக்குப் பொருந்துமா என்று பார்த்து, புரிகிற மாதிரி சொல்லி, வேலை முடிகிறவரை பின்தொடர ஓர் ஆள் இல்லை. அந்த ஆளையும், அவர் உட்கார ஓர் இடத்தையும் ஏற்பாடு செய்வதுதான் தகவல் மையம். கம்ப்யூட்டர் அதில் ஒரு பகுதி, அவ்வளவுதான்.

இதற்கு நம் பகுதியிலேயே முன்னோடி உண்டு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் கனடாவின் ஐ.டி.ஆர்.சி. என்ற வளர்ச்சி ஆராய்ச்சி அமைப்பின் உதவியோடு புதுவைப் பகுதியில் தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. வில்லியனூரில் தலைமை மையம். எம்பலம், வீராம்பட்டினம், நல்லவாடு போன்ற ஊர்களில் கிராம மையங்கள். அன்றைக்குக் கிராமங்களில் நல்ல தொலைபேசி இணைப்பே அரிது என்பதால் வி.எச்.எஃப். ரேடியோ என்ற கம்பியில்லாத் தொடர்பு வழியாகத் தகவலை அனுப்பினார்கள். மின்வெட்டுக்குச் சூரியத் தகடு வைத்தார்கள். வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரக் கணிப்பை எடுத்துத் தமிழாக்கி, ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். 'நம்ம ஊர் செய்தி' என்று ஒரு பத்திரிகையும் வந்தது. 2001-இல் ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருது இந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது. கருவிகள் பழையதாகிவிட்டன. நடத்திய முறையில் இன்றைக்கும் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

முதல் படி: கம்ப்யூட்டருக்கு முன்னால் ஒரு நோட்டு

பெரும்பாலானவர்கள் தொடங்குவது லேப்டாப்பிலிருந்து. நன்கொடையாக வந்துவிடும், திறப்பு விழா நடக்கும், ஆறு மாதத்தில் பிள்ளைகள் படம் பார்க்கிற இடமாகிவிடும். அதனால் முதலில் இருபது ரூபாய் நோட்டு ஒன்று வாங்குங்கள். ஊரில் என்ன கேள்விகள் உலவுகின்றன என்று இரண்டு மூன்று வாரம் எழுதிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எப்படிக் கேட்பது என்பது முக்கியம். "உங்களுக்கு என்ன தகவல் வேண்டும்?" என்று கேட்டால் எல்லாரும் "லோன் கிடைக்குமா?", "பையனுக்கு வேலை கிடைக்குமா?" என்றுதான் சொல்வார்கள். அந்தக் கேள்வியை விட்டுவிட்டு இப்படிக் கேளுங்கள்: "கடைசியாக எதற்காக ஊரைவிட்டு வெளியே போய் ஒருவரிடம் விசாரித்தீர்கள்? யாரிடம்? எத்தனை தடவை? பஸ்ஸுக்கும் மற்றதற்கும் எவ்வளவு ஆச்சு? வேலை முடிந்ததா?" இதற்குக் கதையாகப் பதில் வரும். அந்தக் கதைக்குள்தான் உங்கள் மையத்தின் வேலை இருக்கிறது.

கேட்கும் இடங்களையும் மாற்றிக்கொண்டே இருங்கள். காலையில் பால் சொசைட்டி, மீன் ஏலம் விடும் கரை, ரேஷன் கடை வரிசை, சுய உதவிக் குழுக் கூட்டம். பெண்களிடம் பெண்கள்தான் தனியாகக் கேட்க வேண்டும். ஆண்கள் பக்கத்தில் இருந்தால் கந்து வட்டி பற்றியும் குடும்ப நலன் பற்றியும் ஒரு வார்த்தை வெளியே வராது. ஊரில் மட்டும் கேட்டுவிட்டுக் காலனியை விட்டுவிடாதீர்கள்.

சேர்ந்ததை மூன்றாகப் பிரியுங்கள். நாளுக்கு நாள் மாறுகிறவை ஒரு பக்கம்: விலை, அலை, காற்று, மழை, உரம் இருப்பு. விண்ணப்பம், சான்றிதழ், உதவித்தொகை, பட்டா இன்னொரு பக்கம். மூன்றாவது, தகவலால் தீராதவை. வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்றால் அதற்கு எந்தச் செயலியிலும் பதில் இல்லை. அதை மனுவாக எழுதித் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாள் கூட்டத்துக்கு அனுப்பலாம். இந்த மூன்றாவது வகையை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் மையம் வந்தால் எல்லாம் வரும் என்று ஊர் நம்பிவிடும், அப்புறம் கோபம் உங்கள் மேல்தான் வரும்.

இரண்டாம் படி: இடம்

யாருடைய வீட்டிலும் வைக்காதீர்கள், எவ்வளவு நல்லவராக இருந்தாலும். அந்த வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லாதவர் அந்தத் திண்ணையை மிதிக்க மாட்டார். சாதி பார்த்து ஒதுங்குகிறவரும் ஒதுக்கப்படுகிறவரும் அதே வாசலில் நின்றுவிடுவார்கள். புதுவைத் திட்டத்தில் தலித் மக்கள் உட்பட எல்லாரும் உள்ளே வரலாம் என்று ஊர் ஒப்புக்கொண்ட பிறகே மையம் வைத்தார்கள். எம்பலத்தில் கோயில் வளாகத்திலேயே மையம் நடந்தது, அதை நடத்தியவர்கள் பெண்கள். கோயில் இடம் என்றால் யார் எந்த நாளில் உள்ளே வரலாம் என்ற பேச்சு எழத்தான் செய்யும். அதை முன்கூட்டியே ஊர்க் கூட்டத்தில் பேசி, தீர்மானமாக எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். வாய்வார்த்தை போதாது.

பொதுச் சமுதாயக் கூடம், பழைய நூலகக் கட்டடம், ஊராட்சிச் சேவை மையக் கட்டடம், மீனவ ஊர் என்றால் பஞ்சாயத்துக் கட்டடம் ஆகியவை பொருத்தம். ஊருக்கும் காலனிக்கும் நடுவில், பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. 2015 வெள்ளத்தில் எந்த இடத்தில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று பெரியவர்களைக் கேட்டு, அதற்கு மேலே தளம் இருக்கும் இடமாகப் பாருங்கள்.

மூன்றாம் படி: ஆட்கள்

குறைந்தது மூன்று பேர் வேண்டும். அதில் இருவராவது பெண்களாக இருக்கட்டும். கம்ப்யூட்டர் தெரிந்தவரைத் தேடாதீர்கள். அதை ஒரு மாதத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம். எரிச்சல்படாமல் கேட்கிற குணத்தைக் கற்றுக்கொடுக்க முடியாது. பத்தாவதோ பன்னிரண்டாவதோ படித்து, திருமணமாகி அதே ஊரிலேயே வாழ்கிற பெண் பெரும்பாலும் நல்ல தேர்வு. பட்டம் படித்த இளைஞரைப் போட்டால் முதல் வேலை கிடைத்ததும் சென்னைக்குப் போய்விடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

தன்னார்வம் என்ற பெயரில் சம்பளமில்லாமல் வேலை வாங்காதீர்கள். குறைந்தபட்சம் பாதி நாள் விவசாயக் கூலிக்கு ஈடான ஊக்கத்தொகையாவது தர வேண்டும். மூவரும் முறை வைத்து வரட்டும். காலை 7 முதல் 9, மாலை 4 முதல் 7 என்று நேரம் வைத்தால் கூலி வேலைக்குப் போகிறவர்களும் வர முடியும். அலுவலக நேரத்தில் மட்டும் திறக்கிற மையம் வேலைக்குப் போகாதவர்களுக்கு மட்டும்தான் பயன்படும்.

நான்காம் படி: கருவி

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் எல்லாரும் இதில்தான் தேவைக்கு மேல் நேரத்தைப் போடுகிறார்கள். ஒரு சாதாரண லேப்டாப், ஸ்கேனரோடு சேர்ந்த பிரின்டர், கைரேகைக் கருவி, இரண்டு வேறு நிறுவனங்களின் சிம், ஒரு கரும்பலகை, பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் ஓடக்கூடிய மைக் செட், இரண்டு குழாய் ஒலிபெருக்கி. மேசைக் கம்ப்யூட்டரைவிட லேப்டாப் மேல். மின்சாரம் குறைவாகத் தின்னும், வெள்ளம் வந்தால் தூக்கிக்கொண்டு ஓடலாம்.

பேட்டரிக் கணக்கு இப்படி: லேப்டாப், ரவுட்டர், ஒரு விளக்கு, போன் சார்ஜ் எல்லாம் சேர்ந்து சுமார் 80 வாட். 150 ஆம்பியர் மணி பேட்டரி 12 வோல்ட்டில் 1,800 வாட் மணி வைத்திருக்கும். பேட்டரி கெடாமல் இருக்க அதில் பாதியைத்தான் எடுக்க வேண்டும். ஆக 900 வாட் மணி, இன்வெர்ட்டர் இழப்பு போகப் பத்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓடும். சாதாரண மின்வெட்டுக்கு இது போதும். புயலுக்குப் போதாது. 2011 தானே புயலுக்குப் பிறகு நம் பகுதியில் பல கிராமங்கள் எத்தனை நாள் இருட்டில் கிடந்தன என்பது இங்கே வாழ்கிறவர்களுக்குத் தெரியும். முடிந்தால் சூரியத் தகடு ஒன்று வையுங்கள். புயல் எச்சரிக்கை வந்ததும் அதைக் கழற்றி உள்ளே வைக்கிற மாதிரிப் பொருத்துங்கள்.

ஐந்தாம் படி: தினத் தகவலை ஊர்ப் பேச்சாக்குவது

மையத்துக்கு மரியாதை வருவது இங்கேதான். இணையத்தில் வருவதை அப்படியே வாசித்தால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

மீனவ ஊரை எடுத்துக்கொள்வோம். ஐதராபாத்தில் உள்ள மத்திய அரசின் கடல் தகவல் நிறுவனமான இன்காய்ஸ் தினமும் அலை உயரம், காற்று, நீரோட்டம் பற்றிய கணிப்பை வெளியிடுகிறது. மீன் கிடைக்க வாய்ப்புள்ள பகுதிகளையும் அது சொல்கிறது. இது செயற்கைக்கோள் கடல் மேற்பரப்பின் வெப்பத்தையும் பாசிப் பச்சையத்தையும் பார்த்துச் சொல்வது. மேகம் மூடினால் படம் கிடைக்காது, அன்றைக்கு மீன் பகுதி அறிவிப்பும் இருக்காது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக் காலத்திலும் இருக்காது. இதை முன்பே சொல்லி வைக்காவிட்டால், "மையத்துக்காரங்க ஒழுங்கா பாக்கல" என்ற பேச்சு வந்துவிடும்.

அறிவிப்பில் ஆழம் மீட்டரில் இருக்கும், கரையில் பேசுவது பாகம். ஒரு பாகம் ஆறடி, அதாவது ஏறத்தாழ 1.83 மீட்டர். அறிவிப்பில் 40 மீட்டர் என்று இருந்தால் "இருபத்திரண்டு பாகம்" என்று சொல்லுங்கள். காற்று நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) கணக்கில் இருந்தால் 1.85-ஆல் பெருக்கினால் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வரும். வடக்கிலிருந்து அடிப்பதை வாடை என்றும், கிழக்கிலிருந்து வருவதைக் கொண்டல் என்றும், மேல்காற்றைக் கச்சான் என்றும் சொன்னால் ஒரே மூச்சில் புரிந்துவிடும்.

அலை உயரம் பற்றி ஒன்றைத் தன்னார்வலர் கட்டாயம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கணிப்பில் வரும் 'இரண்டு மீட்டர்' என்பது எல்லா அலையும் இரண்டு மீட்டர் என்று பொருள் தராது. எல்லா அலைகளிலும் மிகப் பெரியவையான மூன்றில் ஒரு பங்கை எடுத்து அவற்றின் சராசரியைச் சொல்கிறார்கள். தனியாக வரும் ஓர் அலை அதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்குகூட எழலாம். முகத்துவாரத்தைக் கடக்கிற ஃபைபர் படகுக்கு அந்த ஓர் அலை போதும்.

ஆக அறிவிப்பு இப்படி இருக்கலாம்:

"வணக்கம். நாளைக் காலை நிலவரம். மத்திய நிறுவனம் இன்று மாலை வெளியிட்டது. வாடைக் காற்று, மணிக்கு முப்பத்தைந்து முதல் நாற்பது கிலோமீட்டர். அலை இரண்டு மீட்டர், இடையிடையே அதற்கு மேலும் எழும்பும். முகத்துவாரம் தாண்டும்போது கவனம். மீன்வளத் துறையின் தடை அறிவிப்பு இதுவரை இல்லை. அடுத்த அறிவிப்பு காலை நான்கு மணிக்கு."

எங்கிருந்து வந்தது, எப்போது வந்தது, அடுத்தது எப்போது என்ற மூன்றும் இதில் இருப்பதைக் கவனியுங்கள். "போங்க" என்றும் "போகாதீங்க" என்றும் மையம் சொல்வதில்லை. அரசுத் தடை இருந்தால் அதைச் சொல்லலாம். மற்றபடி கடலுக்குப் போவதைத் தீர்மானிப்பவர் படகுக்காரர். அவருக்கு உங்களைவிடக் கடல் தெரியும்.

துறைமுகங்களில் ஏற்றும் புயல் கூண்டையும் இதேபோல விளக்குங்கள். 1, 2 என்றால் புயல் தூரத்தில். 3, 4 என்றால் இந்தத் துறைமுகத்துக்கே மோசமான வானிலை. 5 முதல் 7 வரை ஆபத்து, 8 முதல் 10 வரை பேராபத்து. 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். டிவியில் "மூன்றாம் எண் கூண்டு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

விவசாய ஊரில் கேள்வி வேறு. தமிழ்நாடு அரசின் உழவன் செயலியில் சந்தை விலை, உரம் இருப்பு, அணை நீர்மட்டம், மானியம் எல்லாம் இருக்கிறது. ஆனால் விலை குவிண்டாலுக்கு, அதாவது நூறு கிலோவுக்கு. மல்லாட்டையை எண்பது கிலோ மூட்டைக் கணக்கில் விற்கும் இடத்தில் குவிண்டால் விலையை 0.8-ஆல் பெருக்கிப் பலகையில் எழுத வேண்டும். குவிண்டால் 7,000 ரூபாய் என்றால் மூட்டை 5,600. அதிலிருந்து ஏற்றுகூலி, வண்டி வாடகையைக் கழித்தால்தான் வாசலுக்கு வந்த வியாபாரி சொன்ன விலையோடு ஒப்பிட முடியும். சில நாள் வியாபாரி விலையே மேலாக இருக்கும். அன்றைக்கு அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். அதிகபட்ச விலையை மட்டும் எழுதாதீர்கள். அது முதல் தரச் சரக்குக்குக் கிடைத்தது. குறைந்தது, அதிகம் இரண்டையும் எழுதுங்கள்.

பூச்சி, நோய் பற்றிய கேள்விக்கு இணையத்தில் தேடி நீங்களே மருந்து சொல்லிவிடாதீர்கள். இலையைப் படமெடுத்து, கடலூர் மாவட்டம் என்றால் விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையத்துக்கும், புதுவை என்றால் குரும்பாப்பட்டு காமராசர் வேளாண் அறிவியல் நிலையத்துக்கும் அனுப்பிக் கேளுங்கள். கிசான் கால் சென்டர் எண் 1800-180-1551, தமிழில் பேசலாம். சம்பாப் பயிர்க் காப்பீட்டுக்கு வழக்கமாக நவம்பர் 15 கடைசி நாள். அக்டோபரிலிருந்தே பலகையின் ஓரத்தில் அது நிற்கட்டும்.

ஆறாம் படி: விண்ணப்பங்களும் நின்றுபோன பணமும்

வருகிறவர்களில் பாதிக்கு மேல் இதற்காகத்தான் வருவார்கள். தமிழ்நாட்டு ஊர் என்றால் இ-சேவை மைய உரிமம் எடுக்கலாம். தனிநபர்களும் விண்ணப்பிக்க 'அனைவருக்கும் இ-சேவை' திட்டம் வழி தருகிறது. மத்திய அரசின் பொதுச் சேவை மைய உரிமத்துக்கு டி.இ.சி. என்ற இணையவழிச் சான்றிதழ் வேண்டும். புதுவைக்குத் தனி இணையதளம், தனிப் படிவம். நம் பகுதியில் இதுவே ஒரு சிக்கல், ஏனென்றால் புதுவையும் கடலூரும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கின்றன. வயல் ஒரு பக்கம், ரேஷன் கார்டு இன்னொரு பக்கம் என்று இருக்கிற குடும்பங்கள் ஏராளம். அதனால் வருகிறவரிடம் முதல் கேள்வி, "கார்டு எந்தப் பக்கம், அம்மா?" என்றிருக்கட்டும். திட்டமும் தகுதியும் அதற்குப் பிறகுதான்.

நின்றுபோன பணத்தைத் தேடுவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் ஆதாரில் உள்ள பெயரையும் வங்கிப் புத்தகத்தில் உள்ள பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இனிஷியல் ஒன்றில் முன்னால், இன்னொன்றில் பின்னால் இருக்கும். ஒன்றில் அப்பா பெயர், இன்னொன்றில் கணவர் பெயர். அடுத்து, பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது என்று பாருங்கள். ஆதார் வழியாக வரும் உதவித்தொகை, விண்ணப்பத்தில் எழுதிய கணக்குக்குப் போவதில்லை. ஆதாரோடு கடைசியாக எந்த வங்கியை இணைத்தார்களோ அங்கே போகும். இரண்டு வருடத்துக்கு முன் யாரோ கடைத்தெருவில் குடை போட்டு உட்கார்ந்து "ஜீரோ பேலன்ஸ் கணக்கு, இலவசம்" என்று கைரேகை வாங்கியிருப்பார்கள். பணம் அங்கே பத்திரமாகச் சேர்ந்துகொண்டிருக்கும், உரியவருக்கோ அப்படி ஒரு கணக்கு இருப்பதே தெரியாது. ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில், போனுக்கு வரும் கடவு எண்ணைப் போட்டால் எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது என்று காட்டும். மாற்ற வேண்டுமானால் தனக்கு வேண்டிய வங்கிக் கிளையில் ஒப்புதல் படிவம் கொடுக்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் ஆகும். இது தெரியாமல் தாலுகா அலுவலகத்துக்கும் வங்கிக்கும் நடந்தால் மாதங்கள் ஓடிவிடும்.

மூன்றாவது, கைரேகை. பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கிற பெண்களின் விரல்களைப் பார்த்திருப்பீர்கள். முந்திரி ஓட்டில் உள்ள எண்ணெய் தோலை அரித்துக் கருக வைத்துவிடும். கருவியில் விரலை வைத்தால் சிவப்பு விளக்குதான் எரியும். "அக்கா, நல்லா அழுத்தி வைங்க" என்று பத்து முறை சொல்லி அவரைக் கூனிக்குறுக வைக்காதீர்கள். பத்து விரலையும் ஒவ்வொன்றாகச் சோதித்து எது படிகிறது என்று அவரிடமே சொல்லி வையுங்கள். பெரும்பாலும் சுண்டுவிரலோ இடது கையோ உதவும். எதுவும் படியாவிட்டால் கருவிழி அல்லது முகம் வழியாகச் சரிபார்க்க முடியுமா என்று பாருங்கள். விவசாயிகளுக்கு உதவித்தொகை தரும் பி.எம். கிசான் திட்டத்துக்கு முகம் காட்டிச் சரிபார்க்கும் வசதி 2023-இல் வந்துவிட்டது.

எந்த விண்ணப்பம் போட்டாலும் ஒப்புகை எண்ணை நோட்டில் எழுதுங்கள், கூடவே "எப்போது மறுபடி பார்ப்பது" என்ற தேதியையும். அந்தத் தேதியில் நீங்களே திறந்து பாருங்கள், அவர் வந்து கேட்கட்டும் என்று இருக்காதீர்கள். நிராகரித்திருந்தால் காரணத்தைத் தமிழில் ஒரு வரியில் எழுதிக் கொடுங்கள். ஒரு விண்ணப்பக் கடைக்கும் தகவல் மையத்துக்கும் உள்ள வித்தியாசம் இந்தப் பின்தொடர்தல்தான்.

ஆதார் நகல்களைச் சேர்த்து வைக்காதீர்கள். வேலை முடிந்ததும் ஸ்கேன் கோப்பை அழியுங்கள், நகலைத் திருப்பிக் கொடுங்கள். நோட்டில் கடைசி நான்கு இலக்கம் போதும்.

ஏழாம் படி: பணம் எடுத்துக் கொடுத்தால்

கைரேகை வைத்துப் பணம் எடுக்கும் வசதியை மையத்தில் வைக்கலாமா என்று கேட்டால், முதல் வருடம் வேண்டாம் என்பேன். ஊருக்கு அது பெரிய வசதிதான். ஒரு தடவைக்கு 10,000 ரூபாய் வரை எடுக்கலாம், பஸ் செலவு மிச்சம். ஆனால் ஒரே ஒரு கணக்குத் தகராறு வந்தால் மற்ற எல்லா வேலையும் நின்றுவிடும். வைத்தால் சில விதிகளைச் சுவரில் எழுதுங்கள்: ஒவ்வொரு தடவையும் ரசீது உண்டு, இருப்பையும் எடுத்த தொகையையும் சத்தமாகச் சொல்லாமல் எழுதிக் காட்டுவோம், தனியாகக் கமிஷன் கிடையாது. "சர்வர் வேலை செய்யல, இன்னொரு தடவை விரல் வைங்க" என்று சொல்லிப் பணம் எடுக்கிற மோசடி நடப்பதால், தோற்றுப்போன முயற்சிக்கும் ரசீது கொடுங்கள்.

மோசடியில் பணம் பறிபோனால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே முடக்கி வைக்க வாய்ப்பு. இந்த எண்ணைப் பலகையில் பெரிதாக எழுதுங்கள். ஆதாரில் கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதி இருக்கிறது என்பதையும் சொல்லிக் கொடுங்கள்.

எட்டாம் படி: புயல் நாளுக்குத் தயாராவது

நல்லவாட்டின் கதை உலகம் முழுக்கப் பேசப்பட்டது. 2004 டிசம்பர் 26 காலையில், சிங்கப்பூரில் இருந்த அந்த ஊர் இளைஞர் ஒருவர் சுனாமிச் செய்தியைக் கேட்டு ஊருக்குப் போன் செய்தார். பூட்டியிருந்த மையத்தின் கதவை உடைத்து, ஒலிபெருக்கியில் எல்லாரையும் ஓடச் சொன்னார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழ்ந்த ஊர் தப்பியது. தினமும் அலை நிலவரம் கேட்டுப் பழகிய காது என்பதால் அந்தக் குரலை நம்பினார்கள். நமக்கு இதில் ஒரு நடைமுறைச் செய்தியும் இருக்கிறது: சாவி மூன்று வீடுகளில் இருக்க வேண்டும், அதில் ஒன்று காலனியில்.

ஆற்றோர ஊர் என்றால் அணைச் செய்தி முக்கியம். 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் புதுவைக்கருகே கரையைக் கடந்து, ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ஆனால் தென்பெண்ணைக் கரை ஊர்கள் அடி வாங்கியது அதற்கடுத்து, சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறந்தபோது. உள்ளூரில் மழை விட்டிருக்கும்போது வெள்ளம் வரும் என்றால் யாருக்கும் நம்பத் தோன்றாது. கன அடி என்ற எண்ணும் யாருக்கும் புரியாது. அதனால் ஊரில் ஒரு மின்கம்பத்திலோ பாலத் தூணிலோ பழைய வெள்ளம் வந்த உயரத்தைப் பெயின்டால் கோடு போட்டு, எந்த வருடம், எத்தனை கன அடி என்று எழுதி வையுங்கள். அடுத்த முறை, "மேலே திறந்தது போன தடவையைவிட அதிகம், கோட்டைத் தாண்டும்" என்று சொன்னால் மாட்டை அவிழ்த்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

புயல் எச்சரிக்கை வந்த அன்றே செய்ய வேண்டியவை: பேட்டரி முழுக்க ஏற்றுவது, தனியாக இருக்கும் முதியவர், கர்ப்பிணி, நடக்க முடியாதவர் பட்டியலைத் தாளில் அச்சிடுவது, குடும்பங்களின் ரேஷன் கார்டு, பட்டா, வங்கிப் புத்தகத்தைப் படமெடுத்து அவரவர் போனிலும், ஆவணங்களைச் சேமிக்கும் அரசு செயலியான டிஜிலாக்கரிலும் போட உதவுவது, படகு, வலை, மாடு, வீடு ஆகியவற்றைத் தேதியோடு படமெடுத்து வைப்பது. கடைசியாகச் சொன்னது நிவாரணம் கேட்கும்போது பேசும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077.

ஊர் வாட்ஸ்அப் குழுவில் அன்றைக்கு வதந்தி மழை பொழியும். பழைய வீடியோ ஒன்றாவது கட்டாயம் வரும். அதை மறுத்து வாதம் செய்து நேரத்தை வீணாக்காமல், மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை தன்னார்வலரின் குரலிலேயே ஒரு நிமிடப் பதிவு போடுங்கள். எழுத்தைவிடத் தெரிந்த குரலுக்கு மதிப்பு அதிகம், படிக்கத் தெரியாதவருக்கும் அது போய்ச் சேரும்.

ஒன்பதாம் படி: செலவும் கணக்கும்

மையம் தன் காலில் நிற்க வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். அதை நேராக எடுத்துக்கொண்டால் மையம் ஜெராக்ஸ் கடையாகிவிடும். வருவாய்த் துறைச் சான்றுக்கு 60 ரூபாய் கட்டணம் வாங்கலாம், பிரின்டுக்கு வாங்கலாம். அலை நிலவரத்துக்கும் விலைப் பலகைக்கும் யாரிடம் வாங்குவது? அந்த வேலைக்கு வருமானமே கிடையாது, ஊருக்குப் பெரிய லாபம் அதில்தான். ஆகவே கட்டணத்தை மின்சாரம், இணையம், காகிதம், மைக்கு ஒதுக்குங்கள். ஊக்கத்தொகையை ஊர் ஏற்க வேண்டும். மீனவ ஊரில் பஞ்சாயத்து வரிப் பணத்திலிருந்து ஒரு பங்கு, விவசாய ஊரில் மகளிர் குழுக் கூட்டமைப்பு, பால் சொசைட்டி, வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்கள் என்று இரண்டு மூன்று இடத்திலிருந்து வரட்டும். ஒரே ஆள் முழுக்கக் கொடுத்தால் மையம் அவருடையதாகிவிடும்.

கணக்கை எங்கே படிப்பது? தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. புதுவையில் உள்ளாட்சித் தேர்தல் கடைசியாக நடந்தது 2006-இல், அதனால் கிராம சபையை நம்பியிருக்க முடியாது. அங்கே ஊர்க் கூட்டத்திலோ கோயில் திருவிழாக் கணக்கு வாசிக்கும் நாளிலோ படிக்கலாம்.

"இத்தனை பேர் வந்தார்கள்" என்ற எண்ணிக்கை வேண்டாம். ஒரே மாணவர் நாற்பது தடவை வந்திருப்பார். எத்தனை கேள்விக்குப் பதில் கிடைத்தது, எத்தனை பேருக்கு நின்ற பணம் மறுபடி வந்தது, எத்தனை விண்ணப்பம் இன்னும் எந்த மேசையில் கிடக்கிறது, எந்தத் தெருவிலிருந்து யாருமே வரவில்லை என்று படியுங்கள். யாரும் வராத தெருவுக்கு அடுத்த வாரமே நோட்டோடு ஒருவர் போக வேண்டும். பணம் பற்றிய விவரத்தைப் பெயர் சொல்லிப் படிக்காதீர்கள், கடன்காரர்களும் அந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருப்பார்கள்.